மருந்து ஒவ்வாதபோது யாரிடம் சொல்வது? மருந்தாளரும் மஞ்சள் அட்டைத் திட்டமும்

விளக்கத்திற்காக ஒரு நிலைமையை எடுத்துக்கொள்ளலாம்.

அறுபத்தாறு வயதான ஓர் அம்மையார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது ஆண்டுகளாக இங்கிலாந்தில் வாழ்பவர். உயர் குருதி அழுத்தத்திற்காக அவருடைய குடும்ப வைத்தியர் ரமிப்பிரில் என்னும் குளிசையைப் புதிதாக எழுதிக் கொடுக்கிறார். மூன்று கிழமைகள் கழிந்தபின் வறட்டு இருமல் தொடங்குகிறது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. இரவு உறக்கம் மட்டும் கெடுகிறது. முதலில் கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறார். பின்னர் கடையில் இருமற்பாணி வாங்குகிறார். ஈற்றில், "இந்தக் குளிசை என்ர உடம்புக்கு ஒத்துவரேல்லை" என்று தாமாகவே முடிவு செய்து அதனை நிறுத்திவிடுகிறார். சில கிழமைகளில் இருமலும் நின்றுவிடுகிறது.

அடுத்த மாதம் மருந்தகம் அதே குளிசையை வழங்குகிறது. அவர் அதனை மறுக்காமல் வாங்கி அலுமாரியில் வைக்கிறார். வைத்தியரிடம் சொன்னால் கோபிப்பாரோ என்னும் தயக்கம் ஒருபுறம். ஆங்கிலத்தில் விளக்க வேண்டுமே என்னும் கூச்சம் மறுபுறம். மகன் வேலைக்குப் போகிறவர். அவரை மறிக்க மனமில்லை.

இந்த அம்மையாரின் ஐயம் சரியானது. ரமிப்பிரிலும் அதனைச் சார்ந்த ஏனைய குளிசைகளும் சிலருக்கு வறட்டு இருமலை உண்டாக்கும் என்பது நன்கறிந்த செய்தி. அவர் செய்த பிழை ஐயுற்றதன்று. அந்த ஐயத்தை எவரிடமும் சொல்லாது விட்டதே. வைத்தியரின் பதிவேட்டில் அவர் குளிசை எடுப்பவராகவே இருக்கிறார். உண்மையிலோ அவருடைய குருதி அழுத்தம் கட்டுப்பாடின்றி உயர்ந்துகொண்டிருக்கிறது. உயர் குருதி அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ அது முதன்முதலில் வெளிப்படலாம். இருமலை உண்டாக்காத வேறு குளிசைகள் உள்ளன. ஒரு சொல் சொல்லியிருந்தால் அவற்றுள் ஒன்று அவருக்குக் கிடைத்திருக்கும்.

அந்தச் சொல்லை எங்கே, யாரிடம், எவ்வாறு சொல்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பாதகமான விளைவு என்பது யாது?

நோயைத் தணிப்பதற்காக எடுக்கப்படும் மருந்து, கருதியிராத தீங்கொன்றையும் விளைவிக்குமாயின் அது பாதகமான மருந்து விளைவு எனப்படும். வழக்கில் இதனைப் பக்கவிளைவு என்கிறோம். தோலிற் சொறி, வயிற்றுப்புரட்டு, தலைச்சுற்று போன்ற சிறு தொல்லைகள் முதல், ஈரல் பாதிப்பு, உட்குருதிப் பெருக்கு, மூச்சுத் திணறல் போன்ற ஆபத்தான நிலைகள் வரை இதில் அடங்கும்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் துண்டுப்பிரசுரத்தில் அம்மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவுகள் வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். அங்கே வரும் சொற்களுக்கு வரையறுத்த பொருள் உண்டு. "மிகப் பொதுவானது" என்றால் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் ஏற்படக்கூடியது. "பொதுவானது" என்றால் பத்துப் பேரில் ஒருவர் வரை. "பொதுவல்லாதது" என்றால் 100 பேரில் ஒருவர் வரை. "அரிது" என்றால் 1,000 பேரில் ஒருவர் வரை. "மிக அரிது" என்றால் 10,000 பேரில் ஒருவர் வரை. நீண்ட பட்டியலைக் கண்டு அஞ்சி மருந்தையே கைவிடுவது தக்கதன்று. பட்டியலில் உள்ளவை அனைத்தும் ஒருவருக்கே வருவதில்லை. பெரும்பாலானோருக்கு அவற்றுள் ஒன்றும் வருவதில்லை. அதேவேளை, பட்டியலில் இல்லை என்பதற்காக உடலில் தோன்றிய ஒரு மாற்றத்திற்கும் மருந்துக்கும் தொடர்பில்லை என்று முடிவு செய்வதும் தக்கதன்று. அப்பட்டியல் இன்னும் எழுதி முடிக்கப்படாத ஒன்று.

பரிசோதித்த பின்னர்தானே மருந்து விற்பனைக்கு வருகிறது?

ஆம். ஆயினும் பரிசோதனைக்கு ஓர் எல்லை உண்டு. புதிய மருந்தொன்று பொதுவாகச் சில ஆயிரம் பேரிடம் பரிசோதிக்கப்பட்ட பின்னரே அனுமதி பெறுகிறது. 10,000 பேரில் ஒருவருக்கு மட்டும் ஏற்படும் தீங்கு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். 3,000 பேர் பங்குபற்றிய பரிசோதனையில் அத்தீங்கு ஒரு முறையேனும் தென்படுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மாத்திரமே. அது ஒரு தடவையாவது தென்படும் என்று நூற்றுக்கு 95 பங்கு உறுதியாகச் சொல்ல வேண்டுமாயின் ஏறத்தாழ 30,000 பேர் தேவை.

இன்னொரு குறைபாடும் உண்டு. முதியவர்கள், கருவுற்ற பெண்கள், ஒரே நேரத்தில் நான்கைந்து நோய்களுக்கு மருந்து எடுப்பவர்கள் ஆகியோர் பரிசோதனைகளில் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. மருந்து கடைக்கு வந்தபின் அதனை அதிகம் எடுப்பவர்களோ இத்தகையோரே. ஆகவே மருந்தைப் பற்றிய அறிவு, அது விற்பனைக்கு வந்த நாளில் முழுமை பெறுவதில்லை. அதனை எடுத்தவர்கள் திரும்பிவந்து சொல்வதனாலேயே அது சிறிது சிறிதாக நிறைவடைகிறது.

மூன்று மருந்துகள் தந்த பாடம்

தலிடொமைட் என்னும் உறக்க மருந்து 1958ஆம் ஆண்டு பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. கருவுற்ற பெண்கள் பலர் காலைநேர வாந்திக்காகவும் அதனை எடுத்தனர். கை கால்கள் குறுகிய நிலையில் குழந்தைகள் பிறக்கத் தொடங்கின. ஜெர்மனியில் விடுகிண்ட் லென்ஸ், அவுஸ்திரேலியாவில் வில்லியம் மக்பிரைட் ஆகிய வைத்தியர்கள் இருவரும் 1961இல் தனித்தனியே இம்மருந்தின்மீது ஐயம் எழுப்பினர். அவ்வாண்டின் இறுதியில் மருந்து மீளப்பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் 10,000இற்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர். தனித்தனி வைத்தியர்கள் கண்டவற்றை ஓரிடத்தில் சேர்த்துப் பார்க்க ஓர் ஏற்பாடு அக்காலத்தில் இருக்கவில்லை. அக்குறையை நீக்கவே 1964ஆம் ஆண்டு பிரித்தானியாவில் மஞ்சள் அட்டைத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. வைத்தியர்களும் பல்வைத்தியர்களும் தமது ஐயத்தை எழுதி அனுப்ப மஞ்சள் நிற அட்டையொன்று வழங்கப்பட்டது. பெயரும் அதனாலேயே நிலைத்தது.

ஏற்பாடு இருந்தால் மட்டும் போதாது என்பதை இரண்டாவது மருந்து உணர்த்தியது. பிரக்டொலோல் என்னும் இதய மருந்து 1970இல் விற்பனைக்கு வந்தது. அதனை எடுத்தோரிற் சிலருக்குக் கண்கள் வறண்டு, விழிவெண்படலம் பழுதடைந்தது. சிலர் பார்வையையும் இழந்தனர். மஞ்சள் அட்டை நடைமுறையில் இருந்தும் இதுபற்றி உரிய காலத்தில் அறிக்கைகள் வந்து சேரவில்லை. வறண்ட கண்ணையும் இதயக் குளிசையையும் இணைத்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. 1974, 1975ஆம் ஆண்டுகளில் வைத்திய சஞ்சிகைகளில் கட்டுரைகள் வெளியான பின்னரே, முன்பு நிகழ்ந்திருந்தவை பற்றிய அறிக்கைகள் பெருமளவில் வந்து குவிந்தன. கண்டவர்கள் பலர் இருந்தனர். ஐயுற்றுச் சொன்னவர்கள் மிகச் சிலரே.

மூன்றாவது மருந்து இன்று தமிழர் பலரின் வீடுகளில் இருப்பது. நீரிழிவுக்கு வழங்கப்படும் டபக்ளிஃப்ளோசின், எம்பக்ளிஃப்ளோசின் போன்ற குளிசைகள் சிறுநீர் வழியே சீனியை வெளியேற்றுபவை. இவற்றை எடுத்த சிலருக்குக் குருதியில் அமிலம் மிகுந்து உயிராபத்து நேர்ந்ததாக அறிக்கைகள் வந்தன. குருதியிற் சீனியின் அளவு பெரிதாக உயராதபோதும் இது நிகழ்ந்தது. ஆதலால் நீரிழிவின் வழமையான அபாயக் குறியை மட்டும் பார்த்தவர்கள் ஏமாறக்கூடும். இவ்வறிக்கைகளை ஆராய்ந்த ஒழுங்குமுறை அமைப்புகள் 2015இல் எச்சரிக்கை விடுத்தன. இன்று துண்டுப்பிரசுரத்தில் அந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது.

தமிழ்ச் சமூகத்திற்கு இதில் நேரடியான ஒரு செய்தி உண்டு. உணவை வெகுவாகக் குறைப்பதும், போதிய நீர் அருந்தாதிருப்பதும் இந்த ஆபத்தை அதிகரிக்கும். கந்தசஷ்டி போன்று நாட்கணக்கில் நீளும் விரதங்களை அனுட்டிப்பவர்கள், இக்குளிசைகளை எடுப்பவராயின், விரதம் தொடங்குவதற்கு முன்னரே மருந்தாளரிடமோ வைத்தியரிடமோ ஆலோசனை பெறுதல் இன்றியமையாதது. விரத நாட்களில் வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, அசாதாரண அயர்ச்சி, மூச்சிற் பழவாடை என்பன தோன்றினால், சீனி அளவு சாதாரணமாக இருந்தாலும், அதனை விரதக் களைப்பு என்று எண்ணாமல் உடனே மருத்துவ உதவி நாட வேண்டும்.

மருந்தாளர்: அருகிலுள்ள வாசல்

கடைத்தெருவிலுள்ள மருந்தகத்தின் மருந்தாளரைப் பலர் குளிசைகளை எண்ணிக் கொடுப்பவராகவே கருதுகின்றனர். அவர் நான்காண்டுப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பையும் ஓராண்டுப் பயிற்சியையும் முடித்து, தகுதித் தேர்விற் சித்தியெய்தி, பொது மருந்தாண்மைப் பேரவையிற் பதிவுபெற்றவர். மருந்துகள் உடலில் என்ன செய்கின்றன, ஒன்றோடொன்று எவ்வாறு மோதுகின்றன என்பதே அவருடைய தனிப்பட்ட துறை.

அவரைக் காண்பதற்கு முன்பதிவு தேவையில்லை, கட்டணமும் இல்லை. வரிசையில் நிற்பவர்கள் கேட்கும்படி பேசத் தயங்குவோர், தனியறையிற் பேச விரும்புவதாகச் சொன்னால் போதும். தனித்துப் பேசுவதற்கான அறை மருந்தகங்களில் உண்டு.

இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டு முதல் "புதிய மருந்துச் சேவை" என்னும் இலவசச் சேவை மருந்தகங்களில் நடைபெற்று வருகிறது. உயர் குருதி அழுத்தம், இரண்டாம் வகை நீரிழிவு, ஆஸ்துமா, குருதி உறைதலைத் தடுத்தல் முதலிய தேவைகளுக்காக ஒருவர் முதன்முறையாக ஒரு மருந்தைத் தொடங்கும்போது இச்சேவையைக் கேட்டுப் பெறலாம். மருந்தைப் பெறும் நாளில் மருந்தாளர் விளக்கம் தருவார். ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு கிழமைகளுக்குள் மீண்டும் பேசி, மருந்து ஒத்துக்கொள்கிறதா, தொல்லை ஏதும் உண்டா என்று கேட்பார். அதன்பின் மேலும் இரண்டு அல்லது மூன்று கிழமைகளில் இன்னொரு முறை பேசுவார். நேரிலோ தொலைபேசியிலோ இதனைச் செய்யலாம். மேற்சொன்ன அம்மையாருக்கு இருமல் தொடங்கிய காலமும் இச்சேவையின் இறுதி உரையாடல் நிகழும் காலமும் ஏறத்தாழ ஒன்றே என்பது கவனிக்கத்தக்கது.

மருந்தாளரிடம் செல்லும்போது, எடுத்துவரும் எல்லா மருந்துகளையும் ஒரு பையிற் போட்டு எடுத்துச் செல்வது நன்று. பெயர்களை நினைவில் வைத்திருக்க வேண்டிய தேவை அப்போது இராது. எந்த நாளில் மருந்து தொடங்கப்பட்டது, எந்த நாளில் தொல்லை தோன்றியது என்பதை நாட்காட்டியிற் குறித்துச் சென்றால் பாதி விளக்கம் அதிலேயே அடங்கிவிடும்.

மொழிபெயர்த்துச் சொல்வதற்காகப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதைத் தவிர்ப்பது நல்லது. ஒரு தாய் தன் உடலைப் பற்றிச் சொல்ல வேண்டியதைத் தன் பன்னிரண்டு வயது மகன் முன்னிலையிற் சொல்லமாட்டாள். சொல்லாமல் விடப்படுவதே சிகிச்சைக்கு வேண்டிய செய்தியாக இருக்கக்கூடும். தேசிய சுகாதார சேவையின் குடும்ப வைத்திய நிலையங்களில் உரைபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். மருந்தகத்திலும் அத்தகைய ஏற்பாடு உண்டா என்று முதலிற் கேட்பது தக்கது. தமிழ் பேசும் மருந்தாளர்கள் பணியாற்றும் மருந்தகங்களும் உள்ளன.

மஞ்சள் அட்டை: எவர், எதனை, எவ்வாறு?

மஞ்சள் அட்டைத் திட்டத்தை இன்று நடத்துவது எம்.எச்.ஆர்.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அரச ஒழுங்குமுறை முகவரகம். மருந்துகளுக்கு விற்பனை அனுமதி வழங்குவதும், தேவைப்படின் அதனைத் திரும்பப் பெறுவதும் இதன் பொறுப்பு.

தொடக்கத்தில் வைத்தியர்களும் பல்வைத்தியர்களும் மட்டுமே அட்டை எழுதலாம் என்றிருந்தது. 1997இல் வைத்தியசாலை மருந்தாளர்களும், 1999இல் கடைத்தெரு மருந்தாளர்களும், 2002இல் தாதியரும் இணைக்கப்பட்டனர். 2005 முதல் நோயாளர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் தாமே நேரடியாக அறிக்கையிடும் வாய்ப்புத் திறக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் வைத்தியர் வழியாகவே கேட்கப்பட்ட குரல், அதன்பின் நேரடியாகக் கேட்கத் தொடங்கியது. பிள்ளைக்காகப் பெற்றோரும், முதியவருக்காக அவரைப் பராமரிப்பவரும் அறிக்கையிடலாம்.

வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்துகள், தடுப்பூசிகள், கடையில் தாமே வாங்கிய வலிக்குளிசைகள், மூலிகை மருந்துகள், ஹோமியோபதி மருந்துகள் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். போலி மருந்து என்று ஐயம் எழுந்தாலும் இதே வழியில் தெரிவிக்கலாம்.

நீண்டகாலமாகப் பாவனையில் உள்ள மருந்தாயின், பாரதூரமான விளைவுகளையே மருந்தாளர்களும் வைத்தியர்களும் முதன்மையாக அறிக்கையிட வேண்டும் என எதிர்பார்க்கப்படுகிறது. மரணம், உயிராபத்து, வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுதல், நிரந்தரக் குறைபாடு, பிறவிக் குறைபாடு ஆகியன பாரதூரமானவை. குழந்தைகளுக்கு நேரும் விளைவுகளையும் தெரிவிக்கலாம். துண்டுப்பிரசுரத்தில் தலைகீழான கறுப்பு முக்கோணம் ஒன்று அச்சிடப்பட்டிருந்தால், அம்மருந்து மேலதிகக் கண்காணிப்பில் உள்ளது என்பது பொருள். அம்மருந்து ஆபத்தானது என்பதன்று. அதனைப் பற்றி இன்னும் அறிய வேண்டியது உண்டு என்பதே அதன் செய்தி. அத்தகைய மருந்தினால் ஏற்பட்டதாக ஐயுறும் எந்த விளைவையும் தெரிவிக்கலாம். நோயாளரைப் பொறுத்தவரை, சிறிதா பெரிதா என்று தரம்பிரிக்க வேண்டிய கடமை இல்லை. தம்மைத் தொல்லைப்படுத்திய எதனையும் அவர் தெரிவிக்கலாம்.

அறிக்கைக்கு இன்றியமையாத விவரங்கள் நான்கு மட்டுமே. பாதிக்கப்பட்டவர் ஒருவர் இருக்கிறார் என்பதைக் காட்டும் குறிப்பு. பெயரின் முதலெழுத்துகள், வயது, பால் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் போதும். ஐயத்துக்குரிய மருந்தின் பெயர். நேர்ந்த விளைவு. அறிக்கையிடுபவரின் தொடர்பு விவரம். இவற்றுடன், மருந்தின் அளவு, தொடங்கிய நாள், நிறுத்திய நாள், கடந்த மூன்று மாதங்களில் எடுத்த ஏனைய மருந்துகள், பாதிப்பு நீங்கியதா என்பன தெரிந்திருந்தால் பயன் மிகும். தடுப்பூசியாயின் அதன் தொகுதி இலக்கத்தையும் குறிப்பிடுவது நன்று.

மஞ்சள் அட்டைத் திட்டத்தின் இணையத்தளத்திலும் கைத்தொலைபேசிச் செயலியிலும் படிவத்தை நிரப்பலாம். 0800 731 6789 என்னும் கட்டணமற்ற எண்ணிலும் வார நாட்களில் தொடர்புகொள்ளலாம். ஆங்கிலப் படிவத்தை நிரப்புவது கடினமாயின், நிகழ்ந்ததை மருந்தாளரிடம் எடுத்துச் சொல்லி அவரைக்கொண்டே அறிக்கையிடச் செய்யலாம். "இதனை மஞ்சள் அட்டையிற் பதிவீர்களா?" என்று கேட்பது எந்த வகையிலும் அவமரியாதை ஆகாது.

ஐயம் போதும், ஆதாரம் வேண்டியதில்லை

பலரைத் தயங்கவைப்பது ஒரு பிழையான எண்ணம். "மருந்தினால்தான் வந்தது என்று என்னால் எப்படி நிரூபிக்க முடியும்?" என்பதே அது. நீதிமன்றத்தில் ஒருவர்மீது குற்றஞ்சாட்டுபவர் அதனை நிரூபிக்க வேண்டும். மஞ்சள் அட்டையில் எவர்மீதும் குற்றம் சாட்டப்படுவதில்லை. அங்கே கேட்கப்படுவது ஐயம் மாத்திரமே. பல நூறு ஐயங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, உண்மைத் தொடர்பு எது, தற்செயல் எது என்று பிரித்தறிவது முகவரகத்திலுள்ள நிபுணர்களின் பணி. ஒருவருடைய ஐயம் ஈற்றில் பிழை என்று தெரியவந்தாலும் அவருக்கு எந்தப் பொறுப்பும் ஏற்படாது.

இது வைத்தியருக்கோ மருந்தாளருக்கோ எதிரான முறைப்பாடும் அன்று. பிழையான மருந்து வழங்கப்பட்டது, கவனக்குறைவு நேர்ந்தது என்று ஒருவர் கருதினால், அதற்கான முறைப்பாட்டு வழி தனியானது. நட்டஈடு கோருவதும் தனியான சட்ட வழி. மஞ்சள் அட்டை அவற்றுள் எதற்கும் பதிலாகாது; அவற்றுள் எதனையும் தடுப்பதும் இல்லை.

அறிக்கையிடுபவரின் குடிவரவு நிலையைப் படிவம் கேட்பதில்லை. பாதிக்கப்பட்டவரின் முழுப்பெயரும் தேவையில்லை. வைத்தியரைத் தொடர்புகொண்டு மேலும் விவரம் கேட்கலாமா என்பதற்கு முன்கூட்டியே சம்மதம் கோரப்படும், விரும்பாவிடின் மறுக்கலாம்.

சட்டத்தின் நிலையும் அறியத்தக்கது. மருந்தை விற்கும் அனுமதி பெற்ற நிறுவனம், தனக்குத் தெரியவந்த பாரதூரமான விளைவுகளை 15 நாட்களுக்குள் அறிவிக்கச் சட்டத்தாற் கட்டுப்பட்டது. மருந்தாளரும் வைத்தியரும் அறிக்கையிடுவது அவர்களுடைய தொழிற்கடமையாகக் கருதப்படுகிறது. நோயாளர் அறிக்கையிடுவது முற்றிலும் அவருடைய விருப்பம். விருப்பத்திற்கு விடப்பட்டது என்பதனாலேயே, ஒரு சமூகம் முழுவதும் வாளாவிருந்தால் அச்சமூகத்தின் அனுபவம் பதிவேட்டில் இடம்பெறாமலே போய்விடும்.

நாட்டுமருந்து, இரவல் மருந்து, பழைய பழக்கம்

ஊரிலிருந்து வரும் சூரணம், லேகியம், பற்பம் முதலியவற்றை மருந்தாளரிடம் சொல்லாது விடுவது பரவலான வழக்கம். "அது மருந்தில்லை, இயற்கையானது" என்பதே காரணம். குருதி உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்துகளின் வேலையை மூலிகைகள் சில கூட்டவோ குறைக்கவோ கூடும். அனுமதி பெறாத பாரம்பரிய மருந்துகள் சிலவற்றில் ஈயம், பாதரசம், ஆசனிக்கு ஆகிய உலோக நஞ்சுகள் காணப்பட்டமை பற்றி எம்.எச்.ஆர்.ஏ. எச்சரித்துள்ளது. நாட்டுமருந்தை எடுப்பவர் அதனை ஒளிக்க வேண்டியதில்லை. பொதியோடு மருந்தாளரிடம் காட்டினால் போதும்.

மற்றொருவருக்கு எழுதிக் கொடுத்த குளிசையை உறவினருக்கோ அயலவருக்கோ கொடுப்பதும் கைவிடப்பட வேண்டிய பழக்கம். இருவருக்கும் நோய் ஒன்றாயினும் சிறுநீரகமும் ஈரலும் ஒன்றல்ல.

பழைய பழக்கத்திற்கு இன்னோர் எடுத்துக்காட்டு அஸ்பிரின். காய்ச்சற் பிள்ளைக்கு அதனைக் கரைத்துக் கொடுத்த காலம் உண்டு. மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேயின் நோய் என்னும் அரிய ஆபத்துடன் அது தொடர்புபட்டமையால், பிரித்தானியாவில் 1986இல் 12 வயதிற்குட்பட்டோருக்கும், 2002இல் 16 வயதிற்குட்பட்டோருக்கும் வைத்தியர் பணித்தாலன்றி அதனைக் கொடுக்கலாகாது என்று அறிவுறுத்தப்பட்டது. அம்மம்மா காலத்தில் நல்லதாக இருந்த மருந்து, புதிய அறிவு வந்தபின் வேறொரு கணக்கிற்கு உள்ளாகிறது.

காத்திருக்கக்கூடாத நிலைகள்

சில அறிகுறிகள் மருந்தகம் திறக்கும்வரை காத்திருக்கத் தக்கவை அல்ல. மருந்து எடுத்தபின் உதடு, நாக்கு, முகம் அல்லது தொண்டை வீங்குதல், மூச்சு முட்டுதல், மயங்கி விழுதல் ஆகியவை தோன்றினால் உடனே 999ஐ அழைக்க வேண்டும். ரமிப்பிரில் போன்ற குளிசைகளும் மிகச் சிலருக்கு இத்தகைய வீக்கத்தை உண்டாக்கலாம். தோல் கொப்புளித்து உரிதல், கண்ணும் தோலும் மஞ்சளாதல், கரிய மலம் ஆகியவற்றுக்கும் தாமதமின்றி மருத்துவ உதவி பெற வேண்டும். என்ன செய்வதென்று தெளிவில்லாதபோது 111ஐ அழைக்கலாம். மொழியின் பெயரை ஆங்கிலத்திற் சொல்லி உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம். மஞ்சள் அட்டை அவசர உதவி அன்று. உயிரைக் காப்பது முதலில், அறிக்கை பிறகு.

மருந்து ஒவ்வவில்லை என்று தோன்றும் ஏனைய வேளைகளில், தாமாக நிறுத்துவதற்கு முன் மருந்தாளரைக் கேட்பதே நெறி. சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவது, அவற்றைத் தொடர்வதிலும் ஆபத்தாகலாம்.

பயிற்சி

வீட்டிலோ முதியோர் சங்கக் கூட்டத்திலோ கீழ்வரும் நிலைமைகளைக் கலந்துரையாடலாம்.

1. ஒருவர் புதிய குளிசை தொடங்கி பத்து நாட்களில் கால்கள் வீங்குகின்றன. துண்டுப்பிரசுரத்தில் அது "பொதுவானது" என்று உள்ளது. அவர் பேசாமல் இருக்கலாமா? — இல்லை. அறியப்பட்ட விளைவாயினும் மருந்தாளரிடம் சொல்ல வேண்டும். அளவையோ மருந்தையோ மாற்றும் வழி இருக்கலாம்.

2. துண்டுப்பிரசுரத்தில் கறுப்பு முக்கோணம் உள்ள மருந்தை எடுத்தவருக்கு இலேசான சொறி தோன்றுகிறது. மருந்தினால்தானா என்று உறுதியில்லை. அறிக்கையிடலாமா? — ஆம். ஐயம் போதுமானது.

3. ஐந்து வயதுப் பிள்ளைக்கு மருந்து கொடுத்தபின் ஓயாத வயிற்றோட்டம். யார் அறிக்கையிடலாம்? — பெற்றோர், மருந்தாளர், வைத்தியர் ஆகிய எவரும்.

4. டபக்ளிஃப்ளோசின் எடுக்கும் ஒருவர் கந்தசஷ்டி விரதம் பிடிக்க விரும்புகிறார். எப்போது ஆலோசனை பெற வேண்டும்? — விரதம் தொடங்குவதற்கு முன்னர்.

5. தொடக்கத்திற் சொன்ன அம்மையார் இன்று என்ன செய்யலாம்? — அலுமாரியில் உள்ள குளிசைப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு மருந்தகத்திற்குச் சென்று, எப்போது நிறுத்தினார் என்பதை உள்ளபடி சொல்லலாம். எவரும் கோபிக்கமாட்டார்கள். அவருடைய குருதி அழுத்தம் அங்கேயே அளக்கப்படலாம். இருமலைத் தராத வேறொரு குளிசைக்காக வைத்தியருக்குச் செய்தி அனுப்பப்படும். வீணாகிய பெட்டிகளை மருந்தகமே பாதுகாப்பாக அழிக்கப் பெற்றுக்கொள்ளும்.